காதில் விழாத மராத்தி

கோயம்புத்தூரிலிருந்து புனேவுக்கு வந்த புதிதில் நான் பிழையில்லாமல் சொல்லப் பழகிய முதல் மராத்தி வாக்கியம், "மலா மராத்தி சமஜத் நாஹி." எனக்கு மராத்தி புரியாது என்று அர்த்தம். பால்காரர், காஸ் சிலிண்டர் கொண்டுவருபவர், பஸ் கண்டக்டர் என்று யார் வாயைத் திறந்தாலும் இதைச் சொல்லிவிடுவேன். சொல்லிச் சொல்லி உச்சரிப்பு அவ்வளவு சுத்தமாகிவிட்டதில், நான் கிண்டல் செய்கிறேன் என்றே பலர் நினைத்தார்கள். அந்த வாக்கியம் தப்பு என்று கண்டுபிடிக்க எனக்கு ஐந்தாறு வருஷம் பிடித்தது. இலக்கணத்தில் தப்பில்லை. நான் சொல்லியிருக்க வேண்டியது வேறு வாக்கியம்.

நான் வங்கியில் கிளார்க். கல்யாணத்துக்குப் பிறகு கணவர் இருக்கும் ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்தவள். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அவருக்குச் சிஞ்ச்வடில் ஒரு கம்பெனியின் பிரஸ் ஷாப்பில் வேலை. தகட்டை அச்சில் வைத்து அடித்து வளைக்கிற இடம். பக்கத்தில் நிற்பவரிடம் மணி என்ன என்று கேட்பதற்கும் தொண்டை கிழியக் கத்த வேண்டும். அந்தப் பழக்கம் நிக்டியில் எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டது. அவர் காபி கேட்டால் கட்டடத்துக்கே கேட்கும். மேல் மாடியில் இருந்த மராத்தி அம்மாவை நாங்கள் அந்த ஊர் வழக்கப்படி காகு, அதாவது சித்தி, என்று கூப்பிடுவோம். கல்யாணமான புதிதிலேயே தினமும் சண்டை போடுகிறார்களே என்று முதல் மாதம் முழுக்க அவர் எங்களுக்காகக் கவலைப்பட்டாராம்.

ஆனால் என் வீட்டுக்காரரிடம் ஒரு விசேஷம் உண்டு. கோபம், காபி, கரண்டு பில் இதற்கெல்லாம்தான் அந்தக் குரல். அன்பாக ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் வெட்கம் வந்துவிடும். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு முணுமுணுப்பார். எங்கள் பக்கத்து ஆண்களில் பாதிப் பேர் அப்படித்தான், பெண்டாட்டியைப் பாராட்டுவதைக் களவு செய்வதுபோலச் செய்வார்கள்.

வங்கியில் எனக்குப் பாஸ்புக் கவுண்டர். முன்னால் கண்ணாடி, அதில் கை நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. வருகிறவர்கள் அந்த ஓட்டைக்குள் ஏதோ சொல்வார்கள், நான் விழிப்பேன், அவர்கள் மறுபடி சொல்வார்கள், நான் மறுபடி விழிப்பேன். மேடத்துக்குப் பாஷை வராது என்று பக்கத்துக் கவுண்டர்காரர் எனக்காகப் பரிந்து பேசுவார். நானும் அதைத்தான் நம்பினேன். பள்ளிக்கூடத்தில் மொழிப் பாடங்களில் நான்தான் முதல். அப்படிப்பட்டவள் இங்கே வந்து மக்காகிவிட்டேனே என்று எனக்கே என்மேல் எரிச்சல். மகள் பிறந்து, பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியபோது இன்னும் மோசம். தெரிந்த நாலு வார்த்தையும் போய்விட்டதுபோல இருந்தது.

சரி, ஒழுங்காகக் கற்றுக்கொள்வோம் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் காகுவிடம் மராத்தி படிக்கப் போனேன். அவர் எதிரில் உட்கார்ந்து, வேற்றூர்க்காரர்களிடம் எல்லோரும் பேசுவதுபோல, நிறுத்தி நிதானமாக உரக்கப் பேசுவார். அங்கே எனக்கு எல்லாம் புரிந்தது. திருப்பிப் பேசினேன். இரண்டு வருஷத்தில் காகுவின் மாமியார் கதை, நாத்தனார் கதை எல்லாம் எனக்கு அத்துப்படி. உனக்கு மராத்தி தெரியாது என்று எந்தக் கழுதை சொன்னது என்று அவர் கேட்பார். திங்கட்கிழமை வங்கிக்குப் போனால் மறுபடியும் அதே விழிப்பு.

வீட்டிலும் சில சங்கதிகள் நடந்தன. அம்மா ஊரிலிருந்து போன் செய்தால் ஒரே இரைச்சல், லைன் சரியில்லை என்று வைத்துவிடுவேன். டி.வி.யை நான் சத்தமாக வைப்பேன். பிரஸ் ஷாப் மனிதருக்கு அது சத்தமாகவே படாது. மகளுக்கு அப்போது நாலு வயது. ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் முதலில் என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பிக்கொண்டுதான் ஆரம்பிப்பாள். அது அவளுடைய கொஞ்சல் என்று நான் பூரித்துப்போயிருந்தேன்.

இப்படியே போயிருக்கும், அந்த அம்மா வரவில்லை என்றால். வங்கியில் கூட்டம் குறைந்த ஒரு பிற்பகல். ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண்மணி கண்ணாடிக்கு முன்னால் வந்து பாஸ்புக்கை நீட்டினார். தலையைக் குனிந்தபடி மெல்லிய குரலில் தன் கணவரைப் பற்றி ஏதோ சொன்னார். அங்கே பெண்கள் கணவரை 'ஆம்சே மிஸ்டர்' என்றுதான் சொல்வார்கள். அவர் சொன்னது, "ஆம்சே மிஸ்டர் வார்லே." என் காதில் விழுந்தது, "ஆம்சே மிஸ்டர் ஆலே."

ஆலே என்றால் வந்துவிட்டார். எனக்கு ஒரே சந்தோஷம், ஒரு முழு வாக்கியம் புரிந்துவிட்டதே என்று. வாயெல்லாம் பல்லாக, காகு கற்றுக்கொடுத்த மராத்தியை எடுத்து விட்டேன். "அரே வா, சான். பசாய்லா சாங்கா." அடடே, நல்லதாப் போச்சு, உட்காரச் சொல்லுங்கள் என்று.

வார்லே என்றால் காலமாகிவிட்டார்.

அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். கோபம்கூட இல்லை அதில். பிறகு கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். பக்கத்துக் கவுண்டர்காரர் எழுந்து ஓடி வந்து விஷயத்தைச் சொன்னார். பூமி பிளந்து என்னை விழுங்கிவிடாதா என்று இருந்தது. மேனேஜர் அவரை உள்ளே அழைத்துப் போய் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

சாயங்காலம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டுத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. உங்கள்மேல் தப்பில்லை, பாஷை தெரியாத ஊரில் கவுண்டரில் உட்காரவைத்ததுதான் தப்பு, சொந்த மாநிலத்துக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுங்கள், நானே சிபாரிசு செய்கிறேன் என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் மாற்றல் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். என் கணவருடைய வேலையைக் கோயம்புத்தூருக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. நானும் மகளும் அங்கே, அவர் இங்கே. தீபாவளிக்கும் கோடை விடுமுறைக்கும் ரயிலில் பார்த்துக்கொள்கிற குடும்பம்.

வீட்டில் சொன்னேன். அவர் உன் இஷ்டம் என்றார், வழக்கமான பிரஸ் ஷாப் குரலில். பிறகு எழுந்து ஜன்னலோரம் போய், முதுகைக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். நான் காத்திருந்தேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேலையையே விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தேன். அவர் திரும்பி என்னைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அடுத்த நாளே எழுதிக் கொடுத்தேன். அந்த வீம்பு எனக்கு உண்டு.

எழுதிக் கொடுத்த பிறகு ஒரு நாள், பஸ்ஸை விட்டுவிட்டு சிக்ஸ் சீட்டரில் ஏறினேன். அதைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், பெரிய ஆட்டோ மாதிரி இருக்கும், ஆறு பேர் என்று பெயர், பத்துப் பேர் ஏறுவோம். டீசல் இன்ஜின் அடிவயிறு வரைக்கும் அதிரும். எதிரில் இரண்டு பெண்கள் மராத்தியில் தங்கள் வீட்டுக் கல்யாணப் பேச்சைப் பேசிக்கொண்டு வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா பெண் பார்க்க வந்த இடத்தில் போஹா, அதாவது அவல் உப்புமா, சரியில்லை என்று சொல்லிக்கொண்டே மூன்று தட்டுச் சாப்பிட்டாளாம். நான் பக்கென்று சிரித்துவிட்டேன். அவர்களும் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். நிக்டி வரைக்கும் நான் மராத்தியில் பேசிக்கொண்டே வந்தேன், ஒரு வார்த்தை தவறாமல்.

இறங்கி, ஆள் நடமாட்டமில்லாத தெரு முனையில் வெண்டைக்காய் வாங்க நின்றேன். வண்டிக்காரப் பெண் ஏதோ கேட்டாள். புரியவில்லை. மறுபடி கேட்டாள். புரியவில்லை. சற்று முன் வண்டியில் பேசியவள் நான்தானா என்று எனக்கே சந்தேகம் வந்தது. எனக்குப் பைத்தியம்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று முடிவு செய்து, வெண்டைக்காய் வாங்காமலே வீட்டுக்குப் போய் அழுதேன்.

அந்த வாரம் மகளுக்குக் காய்ச்சல். எங்கள் குடும்ப டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் மருந்து எழுதிக்கொண்டிருக்கும்போது, சும்மா இருக்க மாட்டாமல், சிக்ஸ் சீட்டரில் ஏறினால் எனக்கு மராத்தி வருகிறது, இறங்கினால் போய்விடுகிறது, இதற்கு ஏதாவது மருந்து உண்டா என்று வேடிக்கையாகத்தான் கேட்டேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். எழுந்து என் பின்னால் போய் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து முன்னால் வந்து, நான் சொன்னது கேட்டதா என்று கேட்டார். நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே என்றேன். மகள்தான் சொன்னாள். "அங்கிள் உன் பேரைக் கேட்டாங்கம்மா. மூணு தடவ கேட்டாங்க."

அவர் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு இசைக்கவையை எடுத்துத் தட்டினார். காதுக்குப் பக்கத்தில் வைத்தபோது ஏதோ தூரத்துக் கொசு. காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்து அழுத்தினார், மண்டைக்குள் மணி அடித்தது. காது டாக்டரைப் பார்க்கச் சொல்லிச் சீட்டு எழுதினார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் என்ன செவிடா என்று கேட்டேன். அவர் மகளுக்கு ஒரு மிட்டாய் கொடுத்தார்.

காது டாக்டரிடம் கணவரும் வந்தார். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் வரும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நான் ஒழுங்காக அழுத்தினேன் என்றுதான் நினைத்தேன். வெளியே வந்தால் கணவருடைய முகம் சரியில்லை. நான் அழுத்தியதைவிட அழுத்தாததுதான் நிறையவாம்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். காதுக்குள் மூன்று குட்டி எலும்புகள், கடைசி எலும்பு அரிசியில் பாதிகூட இருக்காது, அது அசைய வேண்டியது, எனக்கு இறுகிப்போய்விட்டது. பிரசவத்துக்குப் பிறகு சில பெண்களுக்கு இது அதிகமாகும். இரைச்சலான இடத்தில் எல்லோரும் குரலை உயர்த்துவார்கள், இரைச்சல் என் காதில் பாதிதான் விழும், அதனால் அங்கே எனக்கு நன்றாகக் கேட்கும். தமிழில் பாதி வார்த்தை விழுந்தால் மீதியை மூளையே போட்டுக்கொள்ளும். சாப் என்று விழுந்தால் போதாதா, சாப்பிட்டாயா என்று தெரிந்துவிடும். மராத்தியில் அப்படிப் போட்டுக்கொள்ள என்னிடம் சரக்கு இல்லை. நான் இத்தனை வருஷம் சொல்லியிருக்க வேண்டியது "மலா ஐகூ யேத் நாஹி" என்பது. எனக்குக் காது கேட்கவில்லை.

எல்லோரும் நான் அழுவேன் என்று எதிர்பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நிறுத்த முடியவில்லை. எனக்குப் பைத்தியமில்லை, நான் மக்கில்லை, எனக்கு மராத்தி தெரியும், காதுதான் போயிருக்கிறது. அந்த நிம்மதியை எப்படிச் சொல்வது? தலையில் ஐந்து வருஷமாகச் சுமந்த மூட்டையை யாரோ இறக்கி வைத்ததுபோல இருந்தது. காது கேட்கவில்லை என்று ஒருத்தி இப்படிச் சந்தோஷப்பட்டதை அந்த டாக்டர் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார்.

வெளியே வந்து ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றோம். அவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியை எடுக்காமல் நின்றார். பிறகு கேட்டார்.

"அப்ப அன்னிக்கு நான் சொன்னதும் உனக்குக் கேக்கலியா?"

"என்னைக்குங்க? என்ன சொன்னீங்க?"

வழக்கம்போல முகத்தை அந்தப் பக்கம் திருப்பினார். நான் தாடையைப் பிடித்து இந்தப் பக்கம் திருப்பினேன். நடுரோட்டில்தான்.

"போகாதேன்னு சொன்னேன். ஜன்னல்கிட்ட நின்னுட்டு. நீ பதிலே சொல்லல. போறதுன்னு முடிவு பண்ணிட்டே போலன்னு நெனச்சேன்."

அப்போதுதான் அழுதேன். அழுகையோடு கோபமும் வந்தது, இந்த மனிதரை என்ன செய்வது என்று. திட்டுவதெல்லாம் கேட்டிருக்கிறது, கொஞ்சியதெல்லாம் கேட்கவில்லை. ஐந்து வருஷத்தில் என்னென்ன போயிற்றோ. அதையெல்லாம் மறுபடி ஒரு தடவை சொல்லுங்கள் என்றேன். ரோட்டில் எல்லோரும் பார்க்கிறார்கள் என்றார்.

ஆபரேஷன் செய்துகொள்வதா என்பது அடுத்த கேள்வி. இறுகிய எலும்பை எடுத்துவிட்டு ஊசி முனை அளவில் ஒன்றை வைப்பார்கள். பெரும்பாலும் நன்றாக வந்துவிடும், வராமல் போனால் அந்தக் காது முழுக்கவே போய்விடக்கூடும் என்பதையும் டாக்டர் மறைக்கவில்லை. அம்மா போனில் கத்திக் கத்தி வேண்டவே வேண்டாம் என்றாள், இருக்கிறதை வைத்துக்கொண்டு ஊருக்கு வந்துவிடு என்றாள். மாற்றல் உத்தரவு எந்த நாளும் வரலாம். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் இந்த ஊரில், இந்த மனிதரோடு இருக்க வேண்டும், அவர் முணுமுணுப்பதைக் கேட்க வேண்டும். மோசமாக இருந்த இடது காதில் முதலில் செய்யச் சொன்னேன்.

முழு மயக்கம் கொடுக்கவில்லை, காதை மட்டும் மரத்துப்போகச் செய்தார்கள். முகத்தின் மேல் பச்சைத் துணி. எல்லோரும் வாயில் முகமூடி. அன்றுதான் எனக்கு உறைத்தது, நான் இத்தனை நாள் காதால் கேட்கவில்லை, கண்ணால்தான் கேட்டிருக்கிறேன் என்று. உதடு தெரியாத அந்த அறையில் எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. ஏதோ இழுத்தது, ஏதோ குடைந்தது, கட்டில் சுற்றியது. முருகா என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

திடீரென்று பக்கத்தில் யாரோ தட்டைப் போட்டு உடைத்ததுபோல ஒரு சத்தம். கத்தரியைத் தட்டில் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அதற்குப் பின்னால், எங்கோ என் கால்மாட்டில், ஒரு நர்ஸ் இன்னொரு நர்ஸிடம் ரகசியமாக மராத்தியில் முறையிட்டுக்கொண்டிருந்தாள். இன்றைக்கும் சாப்பாட்டு டப்பாவில் வெந்தயக்கீரைதானாம், மாமியார் மாற்றவே மாட்டேன் என்கிறாளாம்.

துணிக்கு அடியிலிருந்து நான் சொன்னேன், "மேதி சாங்லி அஸ்தே." வெந்தயக்கீரை நல்லதுதான் என்று.

டாக்டர் சிரித்த சிரிப்பில் அவர் கை ஆடிவிடுமோ என்று எனக்குப் பயம் வந்தது. காது கேட்கிறதா என்று இனித் தான் சோதிக்க வேண்டியதில்லை என்றார்.

பஞ்சு வைத்து அடைத்து அனுப்பினார்கள். சில நாள் தலை சுற்றியது, மூக்கைச் சிந்தக் கூடாது, குனியக் கூடாது, காபி செம்புக் காசை நக்கினதுபோல ருசித்தது. பஞ்சை எடுத்த அன்று வெளியே வந்தால், ஐயோ, என்ன ஊர் இது. ஹாரன், குக்கர், காகு வீட்டு மிக்ஸி, குழாயில் தண்ணீர், என் சொந்தச் செருப்பு. காதைப் பொத்திக்கொண்டு திரிந்தேன். அவர் காபி கேட்டபோது ஏன் இப்படிக் கத்துகிறீர்கள் என்று நான் கத்தினேன்.

வங்கிக்குத் திரும்பிய அன்றே மாற்றல் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற எழுதிக் கொடுத்தேன். விஷயத்தைச் சொன்னதும் மேனேஜர், அப்படியானால் பாஷை தெரியாது என்று உங்களை ஊரைவிட்டே அனுப்பப் பார்த்தேனே என்று வருத்தப்பட்டார். கொஞ்ச நாள் கழித்து அந்தப் பாஸ்புக் அம்மாவும் வந்தார். எழுந்து வெளியே போய், கையைப் பிடித்துக்கொண்டு, வார்லே என்றது எனக்கு ஆலே என்று விழுந்ததைச் சொன்னேன். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவருடைய கணவருக்கும் கடைசிக் காலத்தில் காது மந்தமாம். அவர் இருந்திருந்தால் அவருக்கும் அப்படித்தான் கேட்டிருக்கும் என்றார்.

அவருக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, பழக்கம் மாறச் சில மாதம் பிடித்தது. எனக்குக் கேட்காது என்ற தைரியத்தில் அவர் வீட்டுக்குள் தனக்குத்தானே பேசிக்கொள்வார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒரு நாள் காலை வாஷ்பேசினில் சவரம் செய்துகொண்டிருந்தார். நான் சமையலறையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியிடம் சொல்வதுபோல மெல்லச் சொன்னார்.

"நல்லவேளை. இவ போயிருந்தா ஒத்தையில கெடந்து சீரழிஞ்சிருப்பேன்."

"அப்படியெல்லாம் வுட்டுர மாட்டனுங்க" என்றேன், தோசையைத் திருப்பிக்கொண்டே.

குழாய் நின்றது. கேட்டுவிட்டதா என்றார். கேட்டுவிட்டது என்றேன். பாதி முகத்தில் சோப்பு நுரையோடு வாசல்படியில் வந்து நின்று, இனி இந்த வீட்டில் வாயைத் திறக்கவே பயமாக இருக்கிறது என்று கட்டடத்துக்கே கேட்கச் சொன்னார். பிறகு என்ன நினைத்தாரோ, கிட்டே வந்து, குரலைத் தாழ்த்தி இன்னொன்று சொன்னார். அதை நான் எழுதப்போவதில்லை. எனக்குக் கேட்டது.